ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே முழுக்கப் பழைய ரயில் பாதையா?

2024 பிப்ரவரி 4, குபர்டினோ வாசகர் ஒருவரின் கேள்வி

கலிஃபோர்னியாவில் குபர்டினோவுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. வேலைக்கு ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வே வழியாகத்தான் பாலோ ஆல்டோ போகிறேன். இந்த ரோடு முழுக்க ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதன்மேல் தார் போட்டார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்புறம் இன்னொன்று. 280 ஃப்ரீவே பக்கத்திலேயே ஓடும்போது இந்த ரோடு எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

ஆபீஸ் நண்பர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ‘முழுக்க’ என்பது மட்டும் சரியில்லை.

தெற்கு முனை 280 ஏறி இறங்கும் இடம். அதற்கும் தெற்கே இதே ரோடு ஃபுட்ஹில் புலவார்டு என்ற பெயரில் சாதாரண குபர்டினோ தெருவாகிவிடும். வடக்கு முனை பாலோ ஆல்டோவில் பேஜ் மில் ரோடு. அதைத் தாண்டினால் ஜூனிபெரோ செர்ரா புலவார்டு, ஸ்டான்ஃபோர்டு நிலம். நடுவில் ஏறக்குறைய 7 மைல், அதில் பெரும்பகுதி லாஸ் ஆல்டோஸ். கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) கொடுத்த ரோடு எண் ஜி5. நீல ஐங்கோணத்தில் மஞ்சள் எழுத்தாக அங்கங்கே பலகை பார்த்திருப்பீர்கள்.

ரயில் ஓடியது 280 பக்கத்திலிருந்து அராஸ்ட்ரடேரோ ரோடு வரைதான். அங்கே தண்டவாளம் வலது பக்கம் விலகி, இன்றைய கன் ஹைஸ்கூலுக்குப் பின்னால் புகுந்து, பேரன் பார்க் வழியாகப் போய், எல் கமினோ ரோட்டைத் தாண்டி மேஃபீல்டில் சான் ஃபிரான்சிஸ்கோ–சான் ஹோசே மெயின் லைனோடு சேர்ந்தது. மேஃபீல்டு தனி ஊராக இருந்து 1925இல் பாலோ ஆல்டோவோடு இணைந்தது. இன்றைக்குக் கலிஃபோர்னியா அவென்யூ கால்ட்ரெய்ன் ஸ்டேஷன் இருக்கும் இடம்.

அதனால் அராஸ்ட்ரடேரோவுக்கும் பேஜ் மில்லுக்கும் நடுவில் இருக்கும் துண்டு ரயிலுக்குச் சொந்தமில்லை. அது ரோட்டுக்காகவே போட்டது.

280 பற்றி நாளை எழுதுகிறேன், அது தனிக் கதை.

பிப்ரவரி 5

280க்கு முன் ஒரு விஷயம். நேற்று சொன்னதற்கு வரைபடம் தேவையில்லை, சைக்கிள் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டும் வழி இது. குபர்டினோவிலிருந்து லாஸ் ஆல்டோஸ் தாண்டும்வரை வளைவுகள் எல்லாம் நீளமாக, மெதுவாகத் திரும்பும். கியர் மாற்ற வேண்டிய அவசியமே அநேகமாக வராது. அராஸ்ட்ரடேரோ சிக்னலைத் தாண்டியதும் ரோடு ஏறும், இறங்கும். தொடைக்கு உடனே தெரிந்துவிடும்.

காரணம் எளிது. நீராவி எஞ்சின் ஒரு முழு ரயிலை இழுத்துக்கொண்டு செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பவும் திரும்பாது. ரயில்காரர்கள் மண்ணை வெட்டியும் கொட்டியும் மட்டம் பார்த்துப் பாதை போட்டார்கள். அந்த மட்டத்தின் மேல்தான் இன்றைக்கும் கார் ஓடுகிறது. காரில் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, ஆக்ஸிலரேட்டர் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பிப்ரவரி 6

280. கேள்வியில் ஒரு அனுமானம் இருக்கிறது: 280 முதலில் வந்தது, அப்புறம் இந்த ரோடு வந்தது என்று. அப்படி இல்லை.

1961இல் சான்டா கிளாரா கவுண்டி மக்கள் 7 கோடி டாலர் பத்திரக் கடனுக்கு வாக்களித்தார்கள். அந்தப் பணத்தில் பிறந்தவைதான் நாம் எல்லோரும் தினமும் திட்டிக்கொண்டே ஓட்டும் எக்ஸ்பிரஸ்வேக்கள். ஆல்மடென், கேபிடல், சென்ட்ரல், ஃபுட்ஹில், லாரன்ஸ், மான்டேகியு, ஆரிகன்–பேஜ் மில், சான் டோமாஸ் என்று மொத்தம் எட்டு. எல்லாம் சேர்த்து 60 மைலுக்குக் கொஞ்சம் மேல். பழத்தோட்டங்களை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். மாநிலமும் மத்திய அரசும் ஃப்ரீவே போடும்வரை காத்திருக்க முடியாது, நாமே போட்டுக்கொள்வோம் என்று ஒரு கவுண்டி முடிவெடுத்தது சின்ன விஷயமில்லை.

280இன் இந்தப் பகுதி திறந்தது அறுபதுகளின் பிற்பகுதியில். அதாவது பத்திரத்துக்கு வாக்குக் கேட்டபோது 280 இங்கே காகிதத்தில்தான் இருந்தது.

இன்றைக்கு இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. 280 லாஸ் ஆல்டோஸ் ஊருக்கு நடுவில் வராமல் மலையோரமாகப் போய்விடுகிறது. ஃபுட்ஹில் ஊருக்குள்ளேயே போகிறது. வீட்டு வாசல் எதுவும் நேரடியாக ரோட்டில் திறக்காது, குறுக்குத் தெருக்கள் குறைவு, சிக்னல்கள் தள்ளித் தள்ளி.

பிப்ரவரி 6, கொஞ்சம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. ஆரிகன் எக்ஸ்பிரஸ்வேயோடு ஒப்பிட்டால்தான் ஃபுட்ஹில்லின் தனித்தன்மை புரியும். ஆரிகனுக்காகப் பாலோ ஆல்டோவில் வரிசையாக வீடுகளை எடுக்க வேண்டியிருந்தது. ஊரே இரண்டுபட்டது. 1962இல் வாக்கெடுப்பு வைத்து, குறைந்த வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. ஃபுட்ஹில்லுக்கு அப்படி ஒரு பெரிய சண்டை வேண்டியிருக்கவில்லை. நிலம் ஏற்கெனவே நீளமாக, காலியாக, ஒரே உரிமையாளர் கையில் கிடந்தது. அந்த உரிமையாளர் சதர்ன் பசிஃபிக் ரயில்வே.

பிப்ரவரி 10

ரயிலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். இதைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் ஆசை.

மேஃபீல்டிலிருந்து லாஸ் கேட்டோஸ் பக்கம் போக சதர்ன் பசிஃபிக் ஒரு குறுக்கு லைன் போட்டது. 1908இல் ரயில் ஓட ஆரம்பித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வரும் வண்டி சான் ஹோசே சுற்றாமல் நேராக மலையடிவாரத்துக்குப் போகலாம், அங்கிருந்து மலை தாண்டி சான்டா குரூஸ் கடற்கரைக்கு. இதே தடத்தில் பெனின்சுலர் ரயில்வேயின் மின்சார வண்டிகளும் ஓடின. மின்சார வண்டி 1930களின் முதல் பாதியிலேயே நின்றுபோனது. சான்டா குரூஸ் மலைப்பாதையை 1940இல் வந்த புயல் உடைத்தது, அதைத் திருப்பிக் கட்டவில்லை.

லாஸ் ஆல்டோஸ் என்ற ஊரே இந்த லைனின் குழந்தை. சதர்ன் பசிஃபிக்கில் அதிகாரியாக இருந்த பால் ஷூப், சாரா வின்செஸ்டர் அம்மையாரின் 140 ஏக்கரை வாங்கி, கூட்டாளிகளோடு சேர்ந்து மனை போட்டு விற்றார். சான் ஹோசேயில் அந்த விசித்திர மாளிகைக்கு உறவினர்களைக் கூட்டிப் போயிருப்பீர்கள் இல்லையா, அதே வின்செஸ்டர்தான். ஷூப் பின்னால் 1929இல் அந்த ரயில்வேக்குத் தலைவரானார். ரயில்காரரே லைன் போட்டு, ரயில்காரரே ஊர் போட்ட கதை. ஊர் நகராட்சி ஆனது 1952இல்தான்.

லாஸ் ஆல்டோஸ் கடைத்தெரு எக்ஸ்பிரஸ்வேயை ஒட்டிக் கோணலாக உட்கார்ந்திருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? தெருக்கள் ஸ்டேஷனைப் பார்த்துப் போடப்பட்டவை. ஸ்டேஷன் கட்டடம் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இன்னும் நிற்கிறது, வெவ்வேறு காலத்தில் சாப்பாட்டுக் கடையாக இருந்திருக்கிறது. தண்டவாளம் இருந்த பக்கத்தில் இப்போது கார்கள்.

பிப்ரவரி 17

நேற்று வந்த கருத்து ஒன்று: “ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்திவிட்டு ரோடு போட்டது பெரிய தவறு, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?”

பெருமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது, எனக்கும் வலிக்கிற இடம் அது.

கடைசி பயணி ரயில் லாஸ் ஆல்டோஸை விட்டுப் போனது 1964 ஜனவரியில். நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா அந்த ரயிலைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வீட்டிலிருந்து நடந்து ஸ்டேஷனுக்குப் போய், வண்டி மாறாமல் சான் ஃபிரான்சிஸ்கோவில் போய் இறங்குவாராம். இன்றைக்கு அதே வீட்டிலிருந்து கால்ட்ரெய்னுக்கே கார் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. கேள்வி கேட்ட குபர்டினோ நண்பரையே எடுத்துக்கொள்வோம். அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் காலையில் எங்கே போகிறார்கள்? பேஜ் மில் ரோட்டைச் சுற்றி, ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் பார்க்குக்கு. அந்தப் பார்க் 1951இல் தொடங்கியது. அதாவது ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே. ஒரு முனையில் வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன, இன்னொரு முனையில் வேலைகள் பெருகிக்கொண்டிருந்தன, இரண்டையும் இணைக்கும் தண்டவாளம் தயாராகக் கிடந்தது. அப்போதுதான் அதை எடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

பிப்ரவரி 18

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன், ஆனால் மறுபக்கமும் இருக்கிறது.

ரயில்வே லைனை மூட முடிவெடுத்த பிறகு அந்த நிலத்துக்கு என்ன ஆகியிருக்கும்? கவுண்டி வாங்கவில்லை என்றால் துண்டு துண்டாகப் பக்கத்து மனைக்காரர்களுக்குப் போயிருக்கும். பத்து வருஷத்தில் அதன்மேல் வீடு, வேலி, நீச்சல் குளம். இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே லைனின் வடக்குத் துண்டையே பாருங்கள். பேரன் பார்க்கில் தண்டவாளம் போன இடம் இப்போது போல் பார்க் சைக்கிள் பாதை. மரநிழலில் அழகாக இருக்கும், கன் ஹைஸ்கூல் பிள்ளைகள் காலையில் அதில்தான் சாரி சாரியாகப் போவார்கள். ஆனால் எல் கமினோ பக்கம் வந்தால் கட்டடங்கள் எழும்பிவிட்டன, லைன் எந்த வழியாகப் போனது என்று கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு முறை அறுந்தால் அறுந்ததுதான். இன்றைய லாஸ் ஆல்டோஸ் நில விலையில் யார் திருப்பி வாங்குவது?

ரோடாக மாறியதால்தான் அந்த நீளமான நிலம் அறுபது வருஷமாக அறுபடாமல், பொதுச் சொத்தாக, ஒரே கையில் இருக்கிறது. ரயிலை இழந்தோம், வழியை இழக்கவில்லை. நான் இந்த ரோட்டை மதிப்பது அதற்காகத்தான்.

பிப்ரவரி 18, மாலை

“அப்போ திரும்ப ரயில் விடலாம் என்கிறீர்களா?” என்று கேட்கிறார் மேலே எழுதிய நண்பர்.

நாளைக்கே விடலாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதே லைனின் மறுமுனையில் அது நடந்துவிட்டது என்பதைச் சொல்ல வேண்டும். மேஃபீல்டிலிருந்து வந்த லைன் வசோனாவில் பழைய சான் ஹோசே–கேம்பல் பாதையோடு சேர்ந்தது. அந்தப் பாதையை ஒட்டி 2005இல் லைட் ரயில் விட்டார்கள். கேம்பல் தாண்டி வின்செஸ்டர் ஸ்டேஷன் வரை ஓடுகிறது. வசோனா வரை நீட்டும் திட்டமும் இருந்தது, அது நிறைவேறவில்லை. பயணிகள் ரயில் போன இடத்துக்குப் பயணிகள் ரயில் திரும்ப வரலாம், வழி பிழைத்திருந்தால்.

மார்ச் 2

நடுவில் காணாமல் போய்விட்டேன், வேலை அதிகம்.

குபர்டினோ முனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தண்டவாளம் அங்கே இன்னும் இருக்கிறது. 280க்கு மேற்கே மலைக்குள் பெர்மனென்டே சிமென்ட் ஆலை இருந்தது, இப்போது அங்கே சிமென்ட் தயாரிப்பு நின்றுவிட்டது. 1939இல் ஹென்றி கைசர் தொடங்கியது, வட கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா அணைக்கு இங்கிருந்துதான் சிமென்ட் போனது. நம்மில் பாதிப் பேருக்கு மருத்துவக் காப்பீடு தரும் கைசர் பெர்மனென்டேயின் பெயரில் இருப்பதும் அங்கே ஓடும் பெர்மனென்டே ஓடைதான். ஆலைக்கு ரயில் வேண்டும் என்பதால், மான்டா விஸ்டாவிலிருந்து தெற்கே உள்ள லைனைப் பிடுங்கவில்லை. சதர்ன் பசிஃபிக்கை 1996இல் யூனியன் பசிஃபிக் எடுத்துக்கொண்டது, தண்டவாளமும் அவர்கள் கைக்குப் போனது. பப் ரோடு பக்கம் தெருவில் குறுக்கே தண்டவாளம் பார்த்து ‘இது எங்கே போகிறது’ என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில். ஃபுட்ஹில் எக்ஸ்பிரஸ்வேயின் மீதித் துண்டு அது. என்னைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே லைனாகத்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 3

லயோலா கார்னர்ஸ் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார்: இயேசு சபைப் பெயர் ஒரு கடை முக்குக்கு எப்படி வந்தது? சான்டா கிளாரா கல்லூரியை இந்தப் பக்கம் கொண்டுவந்து பெரிய வளாகமாகக் கட்ட இயேசு சபையினர் நினைத்திருந்தார்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது. கல்லூரி வரவில்லை, பெயர் மட்டும் தங்கியது, ரயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அதே பெயர். எக்ஸ்பிரஸ்வேக்கு மேலே அங்கே ஒரு பாலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய பாலத்தில் சைக்கிளோடு போக இடம் போதாது, புதியதில் நிம்மதி.

மார்ச் 16

சிக்னல், குழி, புதர் என்று புகார் சொல்ல யாரிடம் போவது என்று கேட்டவருக்கு: லாஸ் ஆல்டோஸ் நகராட்சியிடம் போனால் அவர்கள் கையில் இல்லை. வேலிக்கு வேலி அந்த நிலம் கவுண்டியுடையது. கவுண்டியில் ரோடுகளையும் விமான நிலையங்களையும் ஒரே துறை பார்க்கிறது, அங்கே எழுதுங்கள். எங்கே, எந்தத் திசையில், எந்த சிக்னலுக்கு முன் என்று தெளிவாக எழுதினால் பதில் வரும். பணம் இல்லை என்று சொன்னால், 2016இல் நாம் வாக்களித்த விற்பனை வரியில் எக்ஸ்பிரஸ்வேக்களுக்கென்று 75 கோடி டாலர் ஒதுக்கியிருப்பதை நினைவூட்டலாம்.

நடைபாதைதான் இந்த ரோட்டின் உண்மையான குறை. சைக்கிளுக்கு அகலமான ஓரம் கிடைக்கிறது, நடப்பவருக்குப் பல இடங்களில் ஒன்றுமே இல்லை. ஒரு வயதான தம்பதி புல் மேட்டில் தடுமாறி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். நம் அப்பா அம்மா எல்லோருக்கும் சாயங்கால நடை என்று ஒன்று உண்டு, கார் ஓட்டத் தெரியாது. அவர்களுக்காகவாவது இதை எழுதிக் கேட்க வேண்டும்.

மார்ச் 24

கேள்வி கேட்ட குபர்டினோ நண்பர் சைக்கிள் வாங்கிவிட்டாராம். மிகவும் சந்தோஷம். சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன்.

வலது பக்கம் திரும்பும் லேன் தொடங்கும் இடம்தான் ஆபத்து. நேராகப் போகிறவர் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. திரும்பும் லேனுக்கு இடப்பக்கம் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வலப்பக்கம் திரும்பும் கார் உங்களைக் குறுக்கே வெட்டும். பின்னால் பார்த்து, கை காட்டி, சீக்கிரமே நகருங்கள். கார்கள் 45 மைல் வேகத்தில் வரும், பலர் அதற்கும் மேல். எல் மான்டேக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையில் நெரிசல் அதிகம், அங்கே பொறுமையாக.

ஞாயிறு விடிகாலை போனால் நூற்றுக்கணக்கில் சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். பேஜ் மில் தாண்டி ஸ்டான்ஃபோர்டு வழியாகப் போர்ட்டோலா வேலி சுற்று போகிறவர்கள். அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டால் வழி தானாகத் தெரியும்.

ஏப்ரல் 7

“குழந்தைகளைக் கூட்டிப் போய்ப் பழைய ரயிலின் தடத்தைக் காட்ட வேண்டும், எங்கே போகலாம்?” என்று கேட்டவருக்கு.

எக்ஸ்பிரஸ்வேயில் குழந்தைகளை ஓட்ட விடாதீர்கள். போல் பார்க்குக்குப் போங்கள். பக்கத்திலேயே மேய்ச்சல் நிலத்தில் கழுதைகளை வளர்க்கிறார்கள், குழந்தைகளுக்கு அதற்கே பொழுது போய்விடும். பூங்காவை ஒட்டிய சைக்கிள் பாதையில் கன் ஹைஸ்கூல் பக்கமாக நடந்தால் நீங்கள் நடப்பது லைனின் மேல்தான். பாதை அராஸ்ட்ரடேரோவைத் தொடும் இடத்தில் நின்று தெற்கே பாருங்கள், எக்ஸ்பிரஸ்வே அதே கோட்டில் நீளும். அதற்கப்புறம் காரில் லாஸ் ஆல்டோஸ் வந்து ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் ஸ்டேஷன் கட்டடம். கடைசியாகக் குபர்டினோவில் பப் ரோடு பக்கம் தண்டவாளம். இந்த வரிசையில் போனால் குழந்தைகளுக்கே புரியும். தண்டவாளத்தின் மேல் ஏற விடாதீர்கள், அது இன்னும் யூனியன் பசிஃபிக்கின் சொத்து.

மதியத்துக்கு முன் போய்விடுங்கள். போல் பார்க்கில் ரோட்டோரம்தான் பார்க்கிங், சனி ஞாயிறில் சீக்கிரம் நிரம்பிவிடும்.